அடிக்கட்டை கிண்ட எந்த மெசின் நல்லது? (6 பரப்பு, தெல்லிப்பளைப் பக்கம்)

வடக்குவளவு | தை 9, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட காணி தெல்லிப்பளைப் பக்கம், 6 பரப்பு. 1990 ஆனியில வெளிக்கிடேக்குள்ள எனக்கு 11 வயது. 2018 இல தான் ஆமி காணியை விட்டது. போய்ப் பாத்தால் வீடு நிண்ட இடத்தில அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம், மற்றதெல்லாம் காடு. காசு சேரச் சேரப் பத்தை வெட்டினம். போன புரட்டாதியில மரங்களையும் தறிச்சாச்சு. இப்ப நிக்கிறது அடிக்கட்டையள்.

கணக்கு இதுதான்: வேம்பு 5 (அதில ரெண்டு பெருசு, ஒண்டு ரெண்டு பேர் கட்டிப்பிடிக்கிற அளவு), புளி 1, தென்னை 4, இப்பில் இப்பில் 30, கிணத்தடியில பூவரசு 1. எல்லாத்தையும் நிலத்தோட ஒட்ட அறுத்துப்போட்டினம்.

முன்பக்கம் வீடு கட்டுற எண்ணம், பின்னால வாழையும் மரவள்ளியும். கனடாவில இருக்கிற தம்பி, கட்டையை அரைச்சுத் தூளாக்கிற மெசின் ஒண்டு வாங்கிக் கப்பலில போடுறன் எண்டு நிக்கிறான். பக்கத்து வளவு ஐயா எரிக்கச் சொல்லுறார். கூலிக்கு வந்த பொடியன் பெக்கோ (மண் கிண்டுற பெரிய மெசின்) பிடிக்கச் சொல்லுறான். ஒழுங்கை அகலம் எட்டரை அடி.

வாங்கிறதோ, வாடகைக்குப் பிடிக்கிறதோ? எது?

---

ஸ்காபரோவில் இருந்து | தை 9, இரவு 10:15

அண்ணை, உங்கட தம்பி சொல்லுறது பிழையில்லை. இஞ்ச கனடாவில எங்கட பின்வளவில நிண்ட ரெண்டு மரத்தின்ர அடிக்கட்டையை நான் வாடகை மெசினால அரைச்சனான். கையால தள்ளிக்கொண்டு போற சின்ன மெசின், 13 குதிரைவலு பெற்றோல் இஞ்சின். முன்னுக்கு ஒரு சில்லு, அதில காபைட் பல்லுகள். சில்லைச் சுழலவிட்டு இடமும் வலமும் ஆட்ட ஆட்டக் கட்டை துருவுப்பூ மாதிரி வரும். ரெண்டு கட்டையும் ஒரு பின்னேரத்தில முடிஞ்சுது. கிடங்கு இல்லை, காணி குழம்பேல்லை, பக்கத்து மதில் அசையேல்லை. 41 கட்டை எண்டால் வாங்கினாலும் கட்டும் எண்டுதான் நினைக்கிறன். வேலை முடிய வாடகைக்கும் விடலாம்.

---

செம்மண் தோட்டம் | தை 10, காலை 5:50

தம்பி ஸ்காபரோ, உங்கட வளவில மண்ணுக்குள்ள என்ன இருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இஞ்ச வலிகாமத்தில செம்மண் ஒரு போர்வை மாதிரித்தான் கிடக்கு. சில இடத்தில நாலைஞ்சு அடி, சில இடத்தில மண்வெட்டி ஒருக்காப் போட்டாலே கல்லு. தெல்லிப்பளை, மாவிட்டபுரம், கீரிமலைப் பக்கம் கல்லு இன்னும் மேல. எங்கட தோட்டத்தில ஒவ்வொரு உழவுக்கும் கல்லுப் பொறுக்கிறம், மூண்டு தலைமுறையாப் பொறுக்கிறம், இன்னும் முடியேல்லை.

அந்தச் சில்லு சுண்ணக்கல்லில தட்டினால் பல்லு போச்சு. பல்லு போனால் இஞ்ச எந்தக் கடையில வாங்கிறது? அதோட கல்லுச் சிதறிப் பறக்கும், பக்கத்தில நிக்கிறவருக்குக் கண் போகும்.

இன்னொண்டு. வேம்பும் புளியும் இந்த மண்ணில சும்மா நிண்ட மரங்கள் இல்லை. கல்லு வெடிப்புக்குள்ள வேரை விட்டுக் கல்லைக் கவ்விப் பிடிச்சிருக்கும். எங்கட வளவில ஒரு வேப்பங்கட்டை கிளப்பேக்குள்ள, கட்டில் அளவு கல்லுப் பலகை ஒண்டு வேரோட சேந்து வந்தது. மேலால ஒரு அடி அரைக்கிற மெசினுக்கு இது வேலை இல்லை.

---

மஞ்சள் கை | தை 10, பகல் 12:30

நான் பெக்கோ ஓட்டுறன், 14 வருசமாச்சு. ஆனபடியால் எல்லாரும் நினைக்கிறமாதிரி "பெக்கோவைப் பிடியுங்கோ" எண்டு சொல்லப்போறேல்லை.

வழமையான பெக்கோ கிட்டத்தட்ட ஏழரை அடி அகலம், ஏழெட்டு டன் பாரம். எட்டரை அடி ஒழுங்கைக்குள்ள நேராப் போகலாம், ஆனால் படலையில திரும்பேலாது. மதிலை இடிச்சுத்தான் உள்ளுக்க வரோணும். வந்தாலும் உங்கட கிணறு எங்க, பழைய மலக்குழி எங்க எண்டு தெரியாமல் நான் சில்லு வைக்கமாட்டன். 28 வருசம் ஆளில்லாமல் கிடந்த வளவில மலக்குழி மூடி உக்கியிருக்கும், மேல புல்லு முளைச்சுத் தெரியாமலும் இருக்கும். பழைய ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டச் சொல்லி நாலு தடி நடுங்கோ.

உங்கட காணிக்கு மினி எக்ஸ்கவேட்டர் சரி. மூண்டு, மூண்டரை டன் உள்ளது, அகலம் ஐஞ்சடிக்குக் கொஞ்சம் கூட. ஆனால் பிடிக்கேக்குள்ள ஒண்டு கேளுங்கோ: ஒடுக்கமான பல்லுவாளி இருக்கோ எண்டு. வாய்க்கால் துப்புரவாக்கிற அகல வாளியைக் கொண்டுவந்தால் வேரும் வெட்டுப்படாது, மெசினும் தூக்கி அடிக்கும், உங்களுக்கு மணித்தியாலம்தான் ஓடும். ஒற்றைப் பல்லு ரிப்பர் இருந்தால் இன்னும் விசேஷம், வேரைக் கொழுவி ஒவ்வொண்டாப் பிடுங்கலாம்.

சின்ன மெசினால பெரிய வேப்பங்கட்டையை முழுசாத் தூக்கேலாது. சுத்திவரக் கிண்டி, வேரை அறுத்து, பிறகு கட்டையை மெசின் வாளால நாலாப் பிளந்து எடுக்கோணும். அதுக்கு வாள்காரரும் அண்டைக்கே நிக்கோணும். மெசின் வந்த பிறகு வாள்காரரைத் தேடினால் ரெண்டு மணித்தியாலம் சும்மா போகும்.

கடைசியா, முக்கியமா. விடுவிச்ச காணி எண்டு சொன்னீங்கள். மிதிவெடி கிடக்கோ எண்டு மேல்மண் பாத்துத்தான் விட்டிருப்பினம், ஆனால் நாங்கள் கிண்டுறது நாலைஞ்சு அடி. இரும்பா எதையாவது கண்டால் நான் வாளியை அப்பிடியே நிப்பாட்டி இறங்கிடுவன். நீங்களும் கிட்டப் போகாதேங்கோ, தொடாதேங்கோ, எடுத்து ஓரமா வைப்பம் எண்டு நினைக்காதேங்கோ. வந்த வழியால திரும்பி, அடையாளம் வைச்சிட்டு, கிராம அலுவலருக்கோ 119 க்கோ சொல்லுங்கோ. 2002 இல இருந்து ஹலோ ட்ரஸ்ட் மாதிரி ஆக்கள் யாழ்ப்பாணத்தில மிதிவெடி எடுத்தவை, அவ்வளவு காலம் எடுக்கிற வேலை அது. வளவுக்குள்ள பிள்ளையள் வராமல் பாருங்கோ.

---

கப்பியும் வடமும் | தை 10, இரவு 9:05

தொழில்நுட்பம் படிப்பிக்கிறன். வடக்குவளவு அண்ணை, உங்கட பதிவை வாசிக்கேக்குள்ள எனக்கு மனம் நொந்தது ஒரு வரியிலதான்: "நிலத்தோட ஒட்ட அறுத்துப்போட்டினம்."

கட்டையைக் கிளப்பிற எண்ணம் இருந்தால் மரத்தை ஒருநாளும் அடியோட அறுக்கக்கூடாது. நாலைஞ்சு அடி விட்டு அறுக்கோணும். அந்த மிச்சத் தண்டுதான் நெம்புகோல். ஒரு அடி உயரத்தில வடம் கட்டி இழுக்கிறதுக்கும் ஐஞ்சடி உயரத்தில கட்டி இழுக்கிறதுக்கும், வேரைப் புரட்டிற விசையில ஐஞ்சு மடங்கு வித்தியாசம். அதே வின்ச், அதே ஆள், ஐஞ்சு மடங்கு வேலை. இதை வாசிக்கிற மற்றவை ஆராவது மரம் தறிக்க யோசிச்சால் இதை மட்டும் ஞாபகத்தில வையுங்கோ.

இனி உங்களுக்கு. கைபிடியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிக் கம்பி வடம் இழுக்கிற கைவின்ச் இருக்கெல்லோ, அதில 1.6 டன் இழுக்கிற அளவு ஒண்டு இருக்கு. கட்டையில ஒரு கப்பியைக் கொழுவி வடத்தை மடக்கிக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒட்ட அறுத்த கட்டைக்கு ஒரு வழி இருக்கு: சுத்திவரக் கிண்டி, இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து வேரில சங்கிலியைக் கொழுவி, கட்டைக்கு மேலால கொண்டுவந்து இழுங்கோ. கட்டை நேரா வராமல் உருண்டு வரும். உருட்டிறது இழுக்கிறதை விட லேசு.

கராஜில இருக்கிற செயின் புளொக்கைக் கொண்டுவந்து கிடையா இழுக்கிறதைக் கனபேர் செய்யினம். அது மேல தூக்கத்தான் செய்தது, கிடையா இழுத்தால் சங்கிலி தடம் மாறிச் சிக்கும். செயின் புளொக்தான் இருக்கெண்டால், மூண்டு பலமான மரத்தடியால முக்காலி போட்டு, கட்டைக்கு மேல தொங்கவிட்டு, நேர மேல தூக்குங்கோ. ஒரு நாள் கிளப்பி வைச்சிட்டு விட்டால் வேர் தன்பாட்டில இளகும், அடுத்தநாள் இன்னும் கொஞ்சம்.

நைலோன் கயிறு வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீண்டு நிண்டு, அறுந்தால் கொக்கியோட திரும்பி வரும். கம்பி வடத்திலயும் நடுவில ஈரச் சாக்கு ஒண்டைப் போட்டு வையுங்கோ, அறுந்தால் சாக்கின்ர பாரம் வடத்தை நிலத்தில விழுத்தும். வடத்தின்ர நீளத்துக்குள்ள ஒருத்தரும் நிக்கக்கூடாது.

---

பொன்னாலைப் பொடியன் | தை 10, இரவு 9:40

எங்கட மாமான்ர நாலு சில்லு ரக்டர் இருக்கு. சங்கிலி போட்டு ஒரே இழுவை. இதுக்கு ஏன் இவ்வளவு கதை?

---

கப்பியும் வடமும் | தை 10, இரவு 9:58

தம்பி, தயவுசெய்து கேளுங்கோ. கட்டை அசையாமல் நிண்டு, ரக்டர் சில்லும் வழுக்காமல் பிடிச்சுதெண்டால், ரக்டர் தன்ர பின் அச்சிலயே முன்பக்கம் மேல எழும்பி ஓட்டிறவருக்கு மேல கவிழும். கிளச்சை மிதிக்க நேரம் கிடையாது. சங்கிலியை மேல, சீற்றுக்குப் பின்னால கட்டினால் அது நிச்சயம். கட்டாயம் இழுக்கிறதெண்டால் அடியில இருக்கிற இழுவைக் கம்பியில மட்டும் கட்டோணும், மெல்ல மெல்ல இழுக்கோணும், வராட்டில் விட்டிட்டு வேர் வெட்டோணும். வேகம் எடுத்து வந்து வெட்டி இழுக்கிறது ஒருக்காலும் வேண்டாம். மணிக்கட்டுப் பருமன் இப்பில் இப்பிலுக்கு ரக்டர் சரி. வேம்புக்கு இல்லை. லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு ரக்டர்) எதுக்கும் இல்லை.

மாமாவிட்ட இதைக் காட்டுங்கோ.

---

கிணத்தடி | தை 11, காலை 6:20

நான் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் எடுத்தனான், இப்ப ஓய்வு. தம்பி வடக்குவளவு, ஒருத்தரும் கேக்காத கேள்வி ஒண்டு: வீடு எங்க வரப்போகுது எண்டு தடி நட்டாச்சோ?

நடேல்லை எண்டால் மெசினைப் பற்றி இப்ப யோசிக்காதேங்கோ. அத்திவாரத்துக்குக் கீழ வாற கட்டை வேரோட முழுசா வெளியில வரோணும், அதில விட்டுக்கொடுப்பு இல்லை. கீழ விட்டால் அது உக்கும், நிலம் தாழும், கறையான் அதில இருந்து நேர உங்கட கதவு நிலைக்கு ஏறும். அரைக்கிற மெசின் அங்க உதவாததுக்குக் காரணமும் அதுதான், கல்லு மட்டுமில்லை. வாழைக்குழி வாற இடத்தில ஒண்டரை, ரெண்டடி துப்புரவானால் காணும். வேலிக்கரையில, பாதை ஓரத்தில நிக்கிறதுக்கு ஒண்டுமே செய்யத் தேவையில்லை. தடியை நட்டிட்டு எண்ணிப் பாருங்கோ, 41 எவ்வளவு குறையும் எண்டு.

அடுத்தது கிணறு. ஆராவது வந்து கட்டையில துளை போட்டு உப்பு வையுங்கோ, வெடியுப்பு வையுங்கோ, மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஒயில் ஊத்துங்கோ எண்டு சொல்லுவினம். வேண்டாம். எங்களுக்கு ஆறு இல்லை, குளத்துத் தண்ணி குடிக்கிறேல்லை, மழை சுண்ணக்கல்லுக்குள்ள இறங்கி நிக்கிறதுதான் குடிதண்ணி. அந்தக் கல்லு வடிகட்டாது, வெடிப்பாலயும் ஓட்டையாலயும் அப்பிடியே கொண்டுபோய்க் கிணத்தில விடும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். வெடியுப்பு எண்டது நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போட்ட யூரியாவால வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற்று ஏற்கெனவே கூட. பச்சைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணி அது.

கிணத்தடிப் பூவரசைத் தொடமுதல் கட்டுக்கல்லுக்குள்ள எட்டிப் பாருங்கோ. வேர் உள்ளுக்க வந்திருந்தால், வெளியில இழுக்க இழுக்கக் கிணத்துக் கட்டுச் சேந்து வரும்.

---

வடக்குவளவு | தை 11, இரவு 7:30

அக்கா, நீங்கள் கேட்ட பிறகு இண்டைக்கே போய் நூல் பிடிச்சுத் தடி நட்டனான். வீட்டுக்கும் சுத்திவர ஐஞ்சடிக்கும் உள்ள வாறது: பெரிய வேம்பு 1, சின்ன வேம்பு 1, தென்னை 1, இப்பில் இப்பில் 7. பத்துத்தான்! வாழை வாற இடத்தில இன்னொரு 15, எல்லாம் இப்பில் இப்பில். புளி பின்மூலையில, வேலியோட. ரெண்டு இரவாச் சரியா நித்திரை இல்லாமல் மெசின் விலை பாத்துக்கொண்டு கிடந்தனான்.

கிணத்துக்குள்ள ரோச் அடிச்சுப் பாத்தன். ரெண்டு இடத்தில வேர் கல்லுக்கு இடையால வந்து தொங்குது.

தென்னங்கட்டை வீட்டு எல்லைக்கு வெளியில மூண்டு நிக்குது. அதை விடலாமோ?

---

வல்லிபுர மணல் | தை 11, இரவு 8:50

விடாதேங்கோ! தென்னையும் பனையும் மற்ற மரம் மாதிரி இல்லை. திரும்பத் துளிர்க்காது, அது உண்மை. ஆனால் உக்கிற தென்னங்கட்டைக்குள்ளதான் கருவண்டு முட்டை போடும். விரல் பருமன் வெள்ளைப் புழு உள்ளுக்க கிடந்து தின்னும், வண்டாகி வந்து பக்கத்துத் தென்னையின்ர குருத்தைத் துளைக்கும். ஓலை விரிய, கத்திரிக்கோலால வெட்டினமாதிரி முக்கோண முக்கோணமா இருக்கும், பாத்திருப்பீங்கள். லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையமும் உக்கல் கட்டையளை அழிக்கத்தான் சொல்லுறது. உங்களிட்டத் தென்னை இல்லாட்டிலும் அயலட்டையில இருக்கும்.

எடுக்கிறது கஷ்டமில்லை. ஆணிவேர் கிடையாது, கயிறு கயிறா நூற்றுக்கணக்கில வேர். ஒவ்வொண்டும் லேசா அறும். அலவாங்கும் கூர்க் கோடாலியும் ரெண்டு ஆளும் இருந்தால் ஒரு கட்டை ஒரு நாள். எங்கட பக்கம் மணல், முதல்நாள் இரவு தண்ணி விட்டு ஊறவைப்பம். வாள்காரரைத் தென்னங்கட்டையில விடாதேங்கோ, தும்பு சங்கிலியில சுத்தும். அரைக்கிற மெசினிலயும் அதே கதைதான். எடுத்த கட்டையைப் பிளந்து காயவிட்டு எரியுங்கோ.

பனை நிக்கிற காணிக்காரருக்கும் ஒண்டு: 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை அனுமதி இல்லாமல் தறிக்கேலாது. கிராம அலுவலரிட்டத் தொடங்குங்கோ. அனுமதி எடுத்துத் தறிக்கிற பனையை, அறுக்காமல் மெசினால நிண்டநிலையில தள்ளி விழுத்தினால் அடியோட கிளம்பும். கப்பி அண்ணை சொன்ன அதே நெம்புகோல்தான்.

---

ஊமல் கரி | தை 12, காலை 7:10

புளிக்கு எரிக்கிறதை விட வேறை வழி சொல்லுறன். எங்கட ஊர் வேலணை. அப்பு புளியங்கட்டையை எரிக்க விடமாட்டார். இறைச்சிக் கடைக்காரர் வெட்டுற கட்டைக்குப் புளிதான் தேடுவினம், செதில் வராது, கத்தி மழுங்காது. வட்டமா முக்காலடி மொத்தத்தில ஒரு துண்டு அறுக்கக் கிடைச்சால் கேட்டுப் பாருங்கோ.

எரிக்கிறதெண்டால் முறை இருக்கு. மேல நெருப்பு வைச்சால் மேல மட்டும் கருகி அணையும். சுத்திவர ஒரு முழம் அகழி மாதிரிக் கிண்டி, வேர்க் கக்கத்தில ஊமலும் (காய்ஞ்ச பனங்கொட்டை) பொச்சுமட்டையும் அடைஞ்சு, காத்து வாறதுக்கு ஒரு வாய் விட்டு, மேல தகரம் மூடி விடோணும். சுவாலை வேண்டாம், தணல்தான் வேலை செய்யும். மூண்டு நாலு நாள் புகையும், ஊமல் போட்டுக்கொண்டே இருக்கோணும். காவோலை போடாதேங்கோ, அது பக்கெண்டு எரிஞ்சு முடியும், பொறியும் பறக்கும். மரம் தறிச்சு ஒரு கோடை காயாமல் தொடங்கினால் விறகும் வீண், மூச்சும் வீண். சோளகம் (தென்மேல் காத்து) பெயருற காலத்தில வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச வேர் வழியா நெருப்பு நிலத்துக்குக் கீழால ஊர்ந்துபோய் வேலிக் கிடுகில கிளம்பினதை நான் கண்ணால கண்டனான். முடிஞ்ச பிறகு தண்ணி ஊத்திக் கிளறி, கையை வைச்சுப் பாத்திட்டுத்தான் படுக்கோணும்.

---

ஸ்காபரோவில் இருந்து | தை 12, இரவு 11:20

எல்லாம் வாசிச்சன். கல்லு விசயத்தில நான் யோசிக்கேல்லை, செம்மண் ஐயா சொல்லுறது சரி. ஆனால் ஒண்டை விட்டுக்கொடுக்கமாட்டன். மதிலோட, வாசல்படியோட ஒட்டி நிக்கிற கட்டைக்கு, கிண்டினால் சுவர் வெடிக்கிற இடத்துக்கு, அரைக்கிறதுதான் பாதுகாப்பு. கல்லில்லாத மணல் பக்கத்தில, வல்லிபுரப் பக்கம், அது நல்லா வேலை செய்யும். ஆராவது ஒருத்தர் அங்க ஒண்டை வாடகைக்கு வைச்சிருந்தால் நல்லது. வாற தூளை மண்ணோட கலந்து உடன நடாதேங்கோ, உக்கேக்குள்ள மண்ணில இருக்கிற தழைச்சத்தை இழுத்துப்போடும். மேல பரவிவிடலாம்.

---

செம்மண் தோட்டம் | தை 13, காலை 5:45

அது நியாயமான கதை தம்பி. ஏற்றுக்கொள்ளுறன்.

வடக்குவளவு, நாள் குறிக்கேக்குள்ள தை கடைசி, மாசி முதல் பாருங்கோ. மாரித் தண்ணி இறங்கி மண் புட்டு மாதிரி இருக்கும், வேர் இளகும். சித்திரை தாண்டினால் செம்மண் செங்கல்லு. இப்பில் இப்பிலுக்கு வாழைப்பக்கம் மெசின் காசைக் கொட்டாதேங்கோ. கிளம்பிறதைக் கிளப்புங்கோ, மிச்சத்துக்கு ஆடு வளக்கிறவரைக் கூப்பிட்டுத் துளிர்க்கத் துளிர்க்கக் குழை வெட்டவிடுங்கோ. துளிரை வளரவிடாமல் வெட்டிக்கொண்டிருந்தால் அது மரமா எழும்பாது. விதை மண்ணுக்குள்ள கிடக்கும், அது இன்னும் கன வருசம் முளைக்கும், அதைக் கையால பிடுங்கத்தான் வேணும்.

---

வடக்குவளவு | மாசி 16, இரவு 8:15

முடிஞ்சுது. என்ன நடந்ததெண்டு எழுதினால் ஆருக்காவது உதவும்.

ஒண்டும் வாங்கேல்லை. மூண்டரை டன் மினி ஒண்டரை நாளுக்குப் பிடிச்சனான். ஒடுக்க வாளி கேட்டுத்தான் பிடிச்சது. வாள்காரரும் காலமையே வந்திட்டார். இப்பில் இப்பில் ஒண்டுக்குப் பத்து நிமிசம். வீட்டு எல்லைக்குள்ள நிண்ட ஏழையும் முடிச்சு, வாழைப்பக்கத்தில ஒன்பதும் எடுத்தாச்சு. மிச்ச ஆறும் கல்லு வெடிப்புக்குள்ள, விட்டாச்சு, ஆட்டுக்காரர் வாறார்.

பெரிய வேம்பு மட்டும் நாலரை மணித்தியாலம். சுத்திக் கிண்டினால் ஒரு பக்க வேர் நேர கல்லுக்குள்ள இறங்குது. ரைவர் கல்லைக் கிளப்பப் பாத்தார், மெசின் பின்பக்கம் தூக்கினது. நிப்பாட்டச் சொன்னன். மண்ணைத் தும்புத்தடியால தட்டித் தண்ணி அடிச்சுக் கழுவிப்போட்டு (மண் பிடிச்ச வேரில வைச்சு முதலே ஒரு வாள் சங்கிலி மழுங்கிப்போச்சு), கல்லு மட்டத்தில வேரை அறுத்து, கட்டையை நாலாப் பிளந்து எடுத்தம். கல்லுக்குள்ள போன வேர் அங்கயே கிடக்கு. மேசன் வந்து பாத்தார், அந்த மூலையில அத்திவாரம் கல்லிலயே இருக்கப்போகுது, பயமில்லை எண்டார். கிடங்கை ஒரேயடியா மூடேல்லை. அரையடி அரையடியாக் கல்லும் மணலும் போட்டு, தண்ணி விட்டு, இடிச்சு இடிச்சு மூடினது.

மஞ்சள் கை அண்ணை, உங்களுக்குத் தனியா நன்றி. ரெண்டாம் நாள் காலமை தென்னங்கட்டைக்குக் கீழ துருப்பிடிச்ச நீளமான சாமான் ஒண்டு தெரிஞ்சுது. ரைவர் உடன இறங்கிட்டார். எல்லாரும் வெளியில வந்து, 119 க்குச் சொல்லி, வந்து எடுத்துக்கொண்டு போக ஒண்டரை நாள் போச்சு. என்னெண்டு அவை சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. மெசின் காத்து நிண்ட காசு நட்டம்தான், ஆனால் என்ர மகன் முதல்நாள் பின்னேரம் அந்த இடத்திலதான் அலவாங்கால குத்திக்கொண்டு நிண்டவன். இதை எழுதேக்குள்ளயும் கை நடுங்குது.

மிச்சத் தென்னங்கட்டை மூண்டும் ரெண்டு பேர் கையால எடுத்தவை. ஒண்டுக்குள்ள புழு 17. கோழிக்குப் போட்டம்.

புளியில ரெண்டு வட்டம் அறுத்து எடுத்தாச்சு, ஒண்டை மருதனார்மடத்தில ஒரு இறைச்சிக் கடைக்காரர் கொண்டுபோனார். மிச்சம் இந்தக் கோடை காயட்டும், பிறகு ஊமல்.

---

கிணத்தடி | மாசி 16, இரவு 9:00

மகனுக்கு ஒண்டும் இல்லாததுக்குக் கடவுளுக்கு நன்றி. பூவரசு?

---

வடக்குவளவு | மாசி 16, இரவு 9:25

தொடேல்லை அக்கா. கிணத்துக்குள்ள தொங்கின வேரை மட்டும் ஆள் இறக்கி, கட்டுக்கல்லோட ஒட்ட வாளால அறுத்து, இடைவெளிக்குச் சீமெந்து பூசினது. மேல நாலு துளிர் வந்திட்டுது. அம்மாவை முந்தநாள் கூட்டிக்கொண்டு போனனான். குளிச்சிட்டுச் சீலை காயப்போட்ட கொப்பு இதிலதான் இருந்தது எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவா. ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதை முறிச்சு விட்டிருக்கிறன்.